பழைய அணு உலைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் என்ன கேட்கலாம், எப்படிக் கேட்கலாம்

கல்பாக்கத்தில் முதல் உலை மின்சாரம் விற்க ஆரம்பித்தது 1984 ஜனவரியில், இரண்டாவது 1986 மார்ச்சில். அன்று அங்கே கல் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கல்லூரி முடித்துவிட்டார்கள். முதல் உலை 2018 ஜனவரியில் நின்றது, நின்று பல வருடம் ஆகியும் மின்சாரம் தரவில்லை. ஆனால் எங்கள் பக்கம் டீக்கடையில் இதைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டே கட்சிதான்: ஒருவர் மூடு என்பார், இன்னொருவர் மூடினால் பிள்ளைகளுக்கு வேலை யார் தருவது என்பார், அத்தோடு பேச்சு முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவோம்.

நடுவில் இருக்கும் கேள்விகளை யாரும் கேட்பதில்லை. இன்னும் எத்தனை வருடம் ஓட்டப்போகிறார்கள், எந்தப் பாகம் தேய்ந்திருக்கிறது, யார் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்டார்கள், மூடினால் பிரித்தெடுக்கப் பணம் எங்கே இருக்கிறது, ஏதாவது ஆனால் எங்களை எந்த பஸ்ஸில் ஏற்றுவார்கள். நான் இருப்பது அந்த நிலையத்தைச் சுற்றிய 16 கிலோமீட்டர் வட்டத்துக்குள். இந்தக் கேள்விகளைக் கேட்கக் கற்றுக்கொள்ள எனக்குச் சில வருடம் ஆயிற்று, உங்களுக்கு அவ்வளவு ஆக வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். கல்பாக்கத்தை வைத்துச் சொல்கிறேன், மகாராஷ்டிரத்தில் தாராப்பூர் அணுமின் நிலையத்துப் பக்கம் இருப்பவருக்கும் இதே வழிதான்.

முதலில் "உலைக்கு வயசாயிடுச்சு" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதற்கு அவர்களிடம் பதில் தயாராக இருக்கிறது. கல்பாக்கம் உலை ஒவ்வொன்றுக்குள்ளும் 306 குழாய்கள் படுக்கை வசத்தில் இருக்கின்றன, எரிபொருள் அதற்குள்தான் இருக்கும், சூட்டை எடுத்துப் போகும் கனநீரும் (கனமான வகை ஹைட்ரஜன் கொண்ட தண்ணீர்) அதற்குள்தான் ஓடும். வருடக்கணக்கில் நியூட்ரான் அடி வாங்கி வாங்கி அந்தக் குழாய்கள் நீளும், நடுவில் தொய்யும், ஹைட்ரஜனை உறிஞ்சி நொறுங்கும் தன்மைக்கு வரும். அவற்றை 2002-க்கும் 2006-க்கும் இடையில் இரண்டு உலைகளிலும் முழுக்க மாற்றிவிட்டார்கள். ஆகவே "வயசு" என்றால் "குழாயை மாற்றிவிட்டோமே" என்பார்கள், அது உண்மையும்கூட. ஆனால் எல்லாவற்றையும் அப்படி மாற்ற முடியாது. உலைக் கலத்தின் இரு முனைகளிலும் இருக்கும் தடுப்புகள், வெளிக் கட்டடத்தின் கான்கிரீட், மண்ணுக்குள் போகும் குழாய், நாற்பது வருடம் சூட்டிலும் உப்புக்காற்றிலும் கிடந்த கேபிள் எல்லாம் இருக்கின்றன. அதனால் எந்தப் பாகம், கடைசியாக எப்போது சோதித்தது, அடுத்து எப்போது என்று பாகத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

பழைய கதையையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், பேசும்போது உதவும். 1980-களின் கடைசியில் உலைக் கலத்துக்குள் கனநீர் வந்து சேரும் பாகம் உடைந்ததால் இரண்டு உலைகளும் பல வருடம் திறனைக் குறைத்துத்தான் ஓடின. 1999 மார்ச்சில் இரண்டாவது உலையில் கனநீர் கசிந்தது. 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமித் தண்ணீர் கடல்நீர் இறைக்கும் பம்ப் இருக்கும் இடத்துக்குள் புகுந்தது, ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள். பத்திரமாக நிறுத்தினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள், அதை விட்டுவிட்டுப் பேசினால் எதிரில் இருப்பவர் உங்கள் அடுத்த வார்த்தையை நம்பமாட்டார்.

அடுத்தது தேதி. அணுமின் நிலையத்துக்கு ஓடும் உரிமம் தருவது மும்பையில் இருக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், ஒரு முறைக்கு அதிகபட்சம் 5 வருடம். அது போக 10 வருடத்துக்கு ஒருமுறை நிலையம் முழுவதையும் புரட்டிப் பார்க்கும் பெரிய பாதுகாப்பு ஆய்வு ஒன்று உண்டு. நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது உங்கள் நிலையத்தின் உரிமம் எந்தத் தேதியில் முடிகிறது என்பதுதான். அந்தத் தேதிக்கு ஒன்றரை வருடம் முன்பே வேலையை ஆரம்பித்துவிட வேண்டும். உரிமம் புதுப்பித்த மறுவாரம் ஊரே திரண்டு மனு கொடுத்தாலும் பிரயோஜனமில்லை. வாரியத்தின் ஆண்டறிக்கைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆங்கிலம்தான், ஊரில் படித்த பிள்ளை ஒன்றை உட்கார வைத்து உங்கள் நிலையம் வரும் பக்கங்களை மட்டும் படிக்கச் சொல்லுங்கள்.

இனி தகவல் அறியும் உரிமைச் சட்டம். இதில்தான் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுகிறார்கள், நானும் விழுந்தேன். நான் அனுப்பிய முதல் மனுவில் "இந்த உலை பாதுகாப்பானதா, ஏன் இன்னும் மூடவில்லை" என்று எழுதியிருந்தேன். ஒரு மாதம் கழித்து ஒற்றைத் தாளில் பதில் வந்தது: இது தகவல் கேட்பது ஆகாது. கோபம் வந்தது, ஆனால் சட்டப்படி அவர்கள் சொன்னது சரி. தகவல் அலுவலர் கையில் இருக்கும் ஆவணத்தைத் தர வேண்டியவர், நமக்கு விளக்கம் சொல்ல வேண்டியவர் இல்லை. "ஏன்", "சரியா", "நியாயமா" என்று வரும் கேள்வியையெல்லாம் அடித்துவிட்டு, ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். இப்படி:

"இரண்டாவது உலைக்குத் தற்போது உள்ள இயக்க உரிமத்தின் நகலும், அதில் விதித்த நிபந்தனைகளின் நகலும் தரவும். கடைசியாக நடந்த பத்தாண்டுப் பாதுகாப்பு ஆய்வின் பரிந்துரைகளில் நிறைவேறியவை, நிலுவையில் உள்ளவை பட்டியலைத் தரவும். முதல் உலையை மீண்டும் இயக்குவது அல்லது நிரந்தரமாக மூடுவது பற்றி எடுத்த முடிவு ஏதேனும் இருந்தால் அந்தக் கடிதத்தின் நகலைத் தரவும்."

மனுவைத் தமிழிலேயே எழுதலாம். சட்டத்தின் 6-ஆவது பிரிவு ஆங்கிலம், இந்தி, இல்லையென்றால் மனு கொடுக்கும் பகுதியின் ஆட்சிமொழி என்று தெளிவாகச் சொல்கிறது, மத்திய அரசு அலுவலகமாக இருந்தாலும் இதுதான். 500 சொற்களுக்குள் முடியுங்கள். கட்டணம் 10 ரூபாய், போஸ்டல் ஆர்டராக அந்த அலுவலகத்தின் அக்கவுண்ட்ஸ் ஆபீசர் பெயருக்கு எடுங்கள், வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருப்பவருக்கு அதுவும் இல்லை. ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை மனு நகலோடு சேர்த்து வையுங்கள், பிறகு மேல்முறையீட்டில் நாள் கணக்குக்கு அதுதான் சாட்சி. உரிமம், ஆய்வு பற்றிய கேள்வி ஒழுங்குமுறை வாரியத்துக்கு. பழுது, செலவு, ஓட்டிய நாட்கள் பற்றியது நிலையத்தை நடத்தும் இந்திய அணுமின் கழகத்துக்கு. மாற்றி அனுப்பிவிட்டாலும் பரவாயில்லை, 5 நாளுக்குள் உரிய இடத்துக்குத் தள்ளிவிடுவது அவர்கள் கடமை.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால், அல்லது 8(1)(அ) பிரிவைக் காட்டி நாட்டுப் பாதுகாப்பு என்று மறுத்தால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் பலனில்லை என்றால் 90 நாளுக்குள் மத்தியத் தகவல் ஆணையம். மேல்முறையீட்டில் 10-ஆவது பிரிவை எழுத மறக்காதீர்கள்: ரகசியமான பகுதியை மறைத்துவிட்டு மீதியைக் கொடுக்கலாம் என்று சொல்லும் பிரிவு அது. 2012-இல் கூடங்குளம் பாதுகாப்பு ஆய்வறிக்கை விஷயத்தில் தகவல் ஆணையம் இந்த வழியில்தான் அறிக்கையைத் தரச் சொல்லி உத்தரவு போட்டது, அதை எதிர்த்து அணுமின் கழகம் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. எளிதில் கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அணுசக்திச் சட்டத்தில், பழைய 1962 சட்டமானாலும் சரி, அதற்குப் பதிலாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சாந்தி சட்டமானாலும் சரி, தகவலைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் அரசின் கையில் இருக்கிறது. ஆனால் மறுப்புக் கடிதமும் ஒரு ஆவணம்தான். எதை மறைக்கிறார்கள் என்று ஊருக்குக் காட்ட அதைப் போல வேறு எதுவும் கிடையாது.

ஒரு எச்சரிக்கை. காவலர் எத்தனை பேர், கேட் எங்கே, காமிரா எங்கே என்று ஒருபோதும் கேட்காதீர்கள். நிலையத்தைப் போட்டோ எடுக்காதீர்கள், ட்ரோன் பறக்கவிடும் பையன்களை அடக்கி வையுங்கள். அது தடை செய்யப்பட்ட இடம், ஒரு படத்தால் மொத்த வேலையும் கெட்டுப்போகும்.

பணக் கணக்கு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் மூட வேண்டும் என்பவரும் மூடக் கூடாது என்பவரும் ஒன்றாக உட்கார்ந்து கேட்கக்கூடிய கேள்வி இது. உலை நின்ற பிறகு அதைப் பிரித்தெடுக்க, விற்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 2 பைசா எடுத்து வைக்கிறார்கள் என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2012-இல் தந்த அறிக்கையில் இருந்தது. நாட்டில் எந்த அணுமின் நிலையத்துக்கும், 30 வருடம் ஓடியவற்றுக்கும்கூட, பிரித்தெடுக்கும் திட்டமே இல்லை என்றும் அதே அறிக்கை சொன்னது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 220 மெகாவாட் உலை ஒன்று வருடம் முழுக்க ஒரு நாள் விடாமல் முழுத் திறனில் ஓடினால் சுமார் 190 கோடி யூனிட், 2 பைசா வீதம் நாலு கோடி ரூபாய்கூடத் தேறாது. நின்று கிடக்கும் வருடத்தில் அதுவும் இல்லை. எனவே கேளுங்கள்: இப்போது யூனிட்டுக்கு எவ்வளவு எடுக்கிறார்கள், நிதியில் மொத்தம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது, எங்கள் நிலையத்துக்குப் பிரித்தெடுக்கும் திட்டம் எழுதியாயிற்றா, எழுதியிருந்தால் நகல்.

அப்புறம் கிராம சபை. வருடத்தில் ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உலையை மூடவோ ஓட்டவோ கிராம சபைக்கு அதிகாரமில்லை, அது தெரிந்ததுதான். ஆனால் தீர்மானப் பதிவேட்டில் ஏறிய வரியை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது, மனுவோடு இணைக்கலாம், வழக்கு என்று வந்தால் காட்டலாம். "அணு உலையை எதிர்க்கிறோம்" என்று எழுதினால் பாதி ஊர் கையெழுத்துப் போடாது, கையெழுத்துப் போடாதவர்கள் வீட்டில் யாராவது உள்ளே வேலை பார்ப்பார்கள். ஒரு கூட்டத்தில் மீன் விற்கும் அக்கா ஒருவர் எழுந்து, "சைரன் அடிச்சா நான் கூடையை எறிஞ்சுட்டு எந்தப் பக்கம் ஓடணும், அதை மட்டும் சொல்லுங்க" என்றார். அதிகாரி யாரிடமும் பதில் இல்லை. அந்த ஒரு கேள்வியைத் தீர்மானமாக எழுதினோம், ஒப்பந்தத் தொழிலாளிகள் முதல் ஆளாக வந்து கையெழுத்துப் போட்டார்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் மாவட்ட ஆட்சியர், கல்பாக்கத்துக்குச் செங்கல்பட்டு ஆட்சியர். நிலையத்தின் வேலிக்கு வெளியே நடப்பதற்கெல்லாம் அவர்தான் பொறுப்பு, 16 கிலோமீட்டருக்கு அவசரகாலத் திட்டம் இருக்க வேண்டும், ஒத்திகையும் நடக்க வேண்டும். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். கடைசி ஒத்திகை எந்தத் தேதியில், எந்த ஊர்களில், அதில் கண்ட குறை என்ன, எங்கள் ஊருக்குக் கூடும் இடம் எது, எத்தனை பஸ், அயோடின் மாத்திரை எங்கே வைத்திருக்கிறார்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்களின் பட்டியல் யாரிடம். மனுவுக்கு எண் போட்டு வாங்காமல் வராதீர்கள்.

நோய் பற்றிய பேச்சில் மட்டும் நிதானமாக இருங்கள். ஊரில் நாலு பேருக்குப் புற்றுநோய் என்றால் மனசு பதறும், பதற வேண்டியதுதான், ஆனால் காரணத்தை நாமே முடிவு செய்து வாட்ஸாப்பில் போட்டால் அடுத்த முறை நம்மை யாரும் உட்காரவைத்துப் பேசமாட்டார்கள். நிலையத்துக்குப் பக்கத்தில் சுற்றுச்சூழல் ஆய்வகம் ஒன்று மீன், பால், தண்ணீர், மண் எல்லாவற்றையும் எடுத்துச் சோதிக்கிறது. அதன் பத்து வருட அளவீடுகளைக் கேளுங்கள். பொதுமக்கள் மேல் படும் கதிர்வீச்சுக்கு வரம்பு வருடத்துக்கு 1 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு), அதோடு ஒப்பிட்டு ஒரு மருத்துவரிடமோ இயற்பியல் ஆசிரியரிடமோ காட்டுங்கள்.

காஞ்சிபுரம் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் போங்கள். "நடவடிக்கை எடுங்கள்" என்று மனு கொடுக்காமல், அவர் அப்படியே அவையில் கேட்கும்படி இரண்டு கேள்வியைத் தட்டச்சு செய்து கொடுங்கள். எழுத்தில் பதில் வரும் கேள்வியாக இருந்தால் போதும், அமைச்சர் அவையில் வைக்கும் பதில் எந்த அலுவலகத்திலும் செல்லும்.

வேறு நாட்டில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டால் சொல்ல மூன்று விஷயம் வைத்திருங்கள். பிரான்சில் ஒவ்வொரு அணுமின் நிலையத்துக்கும் சட்டப்படி ஒரு உள்ளூர்த் தகவல் குழு உண்டு, ஊர்ப் பிரதிநிதி, தொழிற்சங்கம், சுற்றுச்சூழல் அமைப்பு எல்லாம் அதில் உட்காரும். கனடாவில் உரிமம் புதுப்பிக்கும் விசாரணையில் சாதாரண ஆள் எழுத்திலும் நேரிலும் பேசலாம். பெல்ஜியத்தில் டூல் நிலையத்தின் இரண்டு பழைய உலைகளுக்குப் பெரிய வேலைகள் செய்து 10 வருடம் நீட்டிப்புக் கொடுத்ததை இரண்டு சுற்றுச்சூழல் அமைப்புகள் வழக்காகக் கொண்டுபோயின, அப்படி நீட்டிக்கும் முன் சுற்றுச்சூழல் ஆய்வு நடத்தியிருக்க வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019-இல் சொன்னது. நாங்கள் கேட்பது முதலாவது: கல்பாக்கத்துக்கு ஒரு உள்ளூர்த் தகவல் குழு, மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம், குறிப்பு தமிழில்.

கூட்டத்துக்கு ஆள் சேர்க்கும்போது நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களை விட்டுவிடாதீர்கள். எந்தக் காகிதத்துக்கு என்ன பெயர் என்று அவர்களுக்குத்தான் தெரியும், சரியான பெயர் தெரிந்தால் பாதி மனு எழுதியாயிற்று. எல்லா நகலையும் ஒரே கோப்பில், தேதி வரிசையில், இரண்டு வீட்டில் வையுங்கள். அடுத்த கிராம சபை எந்தத் தேதி என்று இப்போதே பார்த்து, பொருள் பட்டியலில் இதைச் சேர்க்கச் சொல்லி ஊராட்சித் தலைவரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டு, வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.