இந்த வரியைச் சொல்வது யார்? ‘எம்மா’ கற்றுத்தந்த சின்னச் சோதனை

ஜேன் ஆஸ்டினின் ‘எம்மா’வை (1815) முதல் தடவை வாசித்தபோது, பாதிரியார் எல்டன், கதாநாயகி எம்மாவின் தோழி ஹாரியட்டைத்தான் விரும்புகிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. 15ஆம் அத்தியாயத்தில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, வண்டிக்குள் அவர் எம்மாவின் கையைப் பிடித்துக் காதலைக் கொட்டியதும் எனக்குக் கோபம்தான் வந்தது. கதைசொல்லி என்னை ஏமாற்றிவிட்டதாக நினைத்தேன். யார் சொன்னதை நம்பினேன் என்று நான்தான் பார்க்கவில்லை. ஒரு வரி கதைசொல்லியுடையதா, பாத்திரத்தின் நினைப்பா என்று பிரித்துப் பார்க்க இதோ ஒரு சின்னச் சோதனை.

படி 1: பழைய நூல்களைத் தரும் ப்ராஜெக்ட் குட்டன்பர்க் இணையதளத்தில் நாவல் இலவசம். ஒரே ஓர் அத்தியாயத்தை அச்செடுத்து, இரண்டு நிறப் பென்சில்களோடு உட்காருங்கள்: கதைசொல்லிக்கு ஒன்று, பாத்திரத்துக்கு ஒன்று. திரையில் கோடு போட்டுப் பார்த்தேன், எனக்கு ஒத்துவரவில்லை.

படி 2: கதை ‘நான்’ என்று போகிறதா, ‘அவள்’ என்றா? இது எளிது. ‘நான்’ என்றால், எந்த வயது நான் என்றும் கேளுங்கள். டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ தொடக்கத்தில், கல்லறை எழுத்துகளின் வடிவத்தை வைத்தே அப்பா எப்படி இருந்திருப்பார் என்று கற்பனை செய்பவன் சிறுவன் பிப். அதைச் சொல்லிச் சிரிப்பவர் வளர்ந்த பிப்.

படி 3: நான் வழுக்கி விழுந்த இடம். ‘எம்மா’வின் 16ஆம் அத்தியாயத் தொடக்கம் ஏறக்குறைய இப்படி: தலைமுடி சுருட்டியாயிற்று, பணிப்பெண்ணை அனுப்பியாயிற்று, எம்மா யோசித்து வருந்த உட்கார்ந்தாள். என்ன கேவலமான நிலைமை!

இரண்டு வாக்கியங்களின் கடைசியிலும் ‘என்று எம்மா நினைத்தாள்’ சேர்த்துப் பாருங்கள். ‘எம்மா உட்கார்ந்தாள் என்று எம்மா நினைத்தாள்’ என்றால் சிரிப்பு வரும். அது கதைசொல்லியின் வரி. ‘என்ன கேவலமான நிலைமை என்று எம்மா நினைத்தாள்’ கச்சிதமாக உட்காருகிறது. அதற்கு வேறு நிறம். பாத்திரத்தின் நினைப்பைக் கதைசொல்லியின் குரலிலேயே சொல்லும் இந்த உத்தியை ஃப்ரீ இன்டைரக்ட் ஸ்டைல் என்பார்கள்.

நம் காது ‘என்று’வுக்குப் பழகியது. ஆஸ்டின் அந்தக் கொக்கியைக் கழற்றிவிடுகிறார். மேற்கோள் குறியும் கிடையாது. ‘நான்’ வரவேண்டிய இடத்தில் ‘அவள்’, நிகழ்காலத்துக்குப் பதில் இறந்தகாலம். அதனால் எம்மாவின் நினைப்பு, நடந்த செய்தி மாதிரியே தெரிகிறது.

சரி, இப்போது 4ஆம் அத்தியாயத்துக்குத் திரும்புங்கள். ஹாரியட்டுக்கு எல்டன் பொருத்தம் என்பதற்கு ‘அவள் நினைத்தாள்’ என்று ஒரு தடவை வரும். அப்புறம் அந்தச் சொல் காணாமல் போய், எல்டனின் நிலைமை மிகப் பொருத்தமானது, அவர் கண்ணியமானவர் என்று வரிகள் ஓடும். அத்தனையும் எம்மாவின் கணக்கு! என் தாளில் அந்தப் பத்தி முழுக்க ஒரே நிறமாகிவிட்டது.

படி 4: கதைக்குள் கதை இருந்தால் ஆட்களை எண்ணுங்கள். எமிலி பிராண்டியின் ‘வதரிங் ஹைட்ஸ்’ நாவலில் (1847) இசபெல்லா எழுதிய கடிதத்தைப் பணிப்பெண் நெல்லி வாசிக்கிறாள், அதைக் கேட்டு, வாடகைக்கு வந்த லாக்வுட் எழுதுகிறார். மூன்று கை மாறி வருகிறது.

பின்சேர்க்கை: ஆஸ்டினின் ‘ப்ரைடு அண்ட் ப்ரெஜுடிஸ்’ முதல் வரியில் பாத்திரம் யாருமே வரவில்லையே, ‘என்று’வுக்குப் பின்னால் யார் பெயரைப் போடுவது என்று ஒரு வாசகர் கேட்டார். நானும் அங்கே திணறியிருக்கிறேன். பணக்காரப் பிரம்மச்சாரிக்கு மனைவி தேவை என்ற அந்த ‘உலகறிந்த உண்மை’ யாருடைய மனதில் வேரூன்றியிருக்கிறது என்பதை அடுத்த வாக்கியமே சொல்லிவிடுகிறது: அக்கம்பக்கத்துக் குடும்பங்கள். வந்தவன் தங்கள் பெண்களில் யாரோ ஒருத்தியின் சொத்து என்று நினைப்பவர்கள். அவர்களைப் போடுங்கள்.