வாஷிங்டன் ஸ்பை மியூசியம்: முதலில் விளையாட்டு, பிறகு கண்ணாடிப் பெட்டி

வாஷிங்டனில் லான்ஃபான்ட் பிளாசா அருகே உள்ள, ஒற்றர்கள் பற்றிய அருங்காட்சியகமான இன்டர்நேஷனல் ஸ்பை மியூசியத்துக்குப் பதின்ம வயதுப் பிள்ளைகளோடு போகிறவர்கள், காலையில் திறக்கும் நேரத்துக்கே ஆன்லைனில் டிக்கெட் எடுங்கள். உள்ளே போனதும் 'அண்டர்கவர் மிஷன்' என்ற ஒற்றர் விளையாட்டுத் திரைகளை முதலில் முடித்துவிடுங்கள்.

நுழைவுக் கட்டணத்திலேயே ஆளுக்கொரு பேட்ஜ் அடங்கும். அதைத் திரையில் காட்டினால் புனைபெயரும் பொய் அடையாளமும் கிடைக்கும். அடுத்தடுத்த திரைகளில் அந்த வேடத்திலேயே புதிர்களை அவிழ்க்க வேண்டும், கடைசியில் எப்படிச் செய்தீர்கள் என்று கணக்கும் வரும். ஒரு திரையில் ஒருவர் நின்றால் அடுத்தவர் காத்திருக்கத்தான் வேண்டும். கூட்டம் ஏற ஏற வரிசை நீளும். கண்ணாடிப் பெட்டிகளில் இருக்கும் எனிக்மா என்ற ஜெர்மன் ரகசியக் குறியீட்டு இயந்திரமும், உதட்டுச்சாயக் குப்பிக்குள் ஒளித்த கேஜிபி (சோவியத் உளவுத்துறை) துப்பாக்கியும் எங்கும் போகாது. நெரிசலிலும் எட்டிப் பார்க்கலாம். அண்ணன் தங்கை என்றாலும் ஒரே பேட்ஜில் சேர்ந்து ஆடவிடாதீர்கள். யாருக்கு என்ன வந்தது என்று ஒப்பிட்டுச் சண்டை போடுவதில்தான் அவர்களுக்கு ருசி!

வரலாற்றை வரிவரியாகப் படிக்கும் பிள்ளைக்கு இது ஒத்துவராது, அவன் போக்கில் விடுங்கள். ஒரு மணி நேரம்தான் கையில் இருக்கிறதென்றால் டிக்கெட் காசு வீண். நடக்கும் தூரத்தில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்கள் இலவசமாகவே இருக்கின்றன.