மலையகப் பதிவர்கள் ஒருவர் எழுத்தை மற்றவர் வாசகரிடம் சேர்ப்பது எப்படி

இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்தைப் பற்றித் தமிழில் இணையத்தில் எழுதுவோருக்குப் பஞ்சமில்லை. அவர்கள் ஒருவரையொருவர் அறியாமல் எழுதிக்கொண்டிருப்பதே குறை. அட்டனில் ஒருவர் தோட்டத்துத் தாலாட்டையும் ஒப்பாரியையும் கேட்டு எழுதிவைக்கிறார், பண்டாரவளையில் ஓர் ஆசிரியை க.பொ.த. சாதாரண தர மாணவருக்குப் பாடக் குறிப்புகளை இடுகிறார், நுவரெலியாவில் ஒருவர் லீக்ஸ், கரட் பயிர்ச்செய்கை பற்றி எழுதுகிறார், மஸ்கெலியாவில் இன்னொருவர் தோட்டத் தொழிலாளர் வரிசையாக வாழும் லயன் வீடுகளையும் காணியுரிமையையும் பற்றி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நால்வருக்கும் வாசகர் என்று இருப்பவர்கள் பெரும்பாலும் உறவினரும் உடன் படித்தவர்களும்தான். ஆனால் அந்த நான்கு சிறு கூட்டங்களும் வெவ்வேறு கூட்டங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒருவருடைய பதிவை மற்ற மூவரும் தத்தம் வாசகரிடம் முறையாகக் கொண்டுசேர்த்தால், தனியே எத்தனை ஆண்டுகள் எழுதினாலும் கிட்டாத வாசகர்கள் அந்த எழுத்துக்குக் கிடைப்பார்கள்.

"முறையாக" என்ற சொல்லை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மொய் எழுதுவதுபோல, நீ என் பதிவைப் பகிர்ந்தாய், ஆகவே நானும் உன் பதிவைப் பகிர்கிறேன் என்று கணக்குத் தீர்க்கும் பழக்கம் தமிழ்ப் பதிவர்களிடையே நெடுநாளாக உண்டு. அதனால் எண்ணிக்கை கூடலாம், வாசகர் கூடமாட்டார். படிக்காமலே பகிரப்பட்ட பதிவை வாசகர் எளிதில் கண்டுகொள்வார். அப்படி இரண்டு முறை ஏமாந்தவர் மூன்றாவது முறை உங்கள் இணைப்பைத் திறக்கமாட்டார், நீங்கள் உண்மையாகவே வியந்து பகிர்ந்ததாக இருந்தாலும் சரி. பகிரும்போது உங்கள் வாசகருக்கு உங்கள்மீது இருக்கும் நம்பிக்கையில் ஒரு பகுதியை இன்னொருவருக்குக் கடனாகக் கொடுக்கிறீர்கள். ஆகவே படித்து, பிடித்து, தன் வாசகருக்குப் பயன்படும் என்று எண்ணியதை மட்டுமே பகிர்வது என்பதே இந்த ஏற்பாட்டின் முதல் விதியாக இருக்க வேண்டும்.

இது புதிய யோசனையுமல்ல. 2004 இல் தொடங்கிய தமிழ்மணம் என்ற திரட்டி, பல நாடுகளில் எழுதப்பட்ட தமிழ்ப் பதிவுகளை ஒரே பக்கத்தில் காட்டி வாசகரையும் பதிவரையும் இணைத்தது. வலைச்சரம் என்ற வலைப்பதிவில் வாரத்துக்கு ஒரு பதிவர் ஆசிரியராகப் பொறுப்பேற்று, தாம் விரும்பிப் படித்த பிறருடைய இடுகைகளைக் காரணம் சொல்லி அறிமுகப்படுத்தினார். திரட்டிகளின் காலம் மங்கியபின் வாசிப்பு முகநூலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் நகர்ந்துவிட்டது. அங்கே நேற்றைய எழுத்து இன்றைக்குக் கீழே போய்விடுகிறது. தேடி எடுப்பதற்கும் வழி குறைவு. திரட்டி செய்த வேலையை இனிச் சிறு குழுக்கள்தாம் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

குழுவில் ஐந்தாறு பேர் போதும். இருபது பேர் சேர்ந்தால் ஒவ்வொருவரும் மற்றப் பத்தொன்பது பேரைப் படிக்க முடியாது. படிக்காமல் பகிரத் தொடங்கும் இடம் அதுவே. ஒரே பொருளில் எழுதும் ஐவரைச் சேர்ப்பதைவிட, வெவ்வேறு பொருளில் எழுதி ஒரே மக்களைப் பற்றிச் சிந்திக்கும் ஐவரைச் சேர்ப்பது நல்லது. ஒருவரை அழைக்குமுன் அவருடைய பழைய பதிவுகள் சிலவற்றையேனும் முழுமையாகப் படித்து, பின்னூட்டமும் எழுதிவிட்டு அழையுங்கள். இயன்றால் ஒருவரேனும் இந்தத் தீவுக்கு வெளியே இருப்பவராக இருக்கட்டும். இலங்கையும் இந்தியாவும் 1964 ஆம் ஆண்டு செய்துகொண்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் தமிழகம் சென்ற குடும்பங்கள் இன்றும் நீலகிரியில், கூடலூரிலும் கோத்தகிரியிலும் வாழ்கின்றன. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தம் தாத்தா பாட்டியின் தோட்டத்துப் பெயரை இணையத்தில் தேடுகிறார்கள். அவர்களிடம் உங்கள் எழுத்தைக் கொண்டுசேர்க்க அங்கே எழுதும் ஒருவரால்தான் எளிதில் முடியும்.

அடுத்தது அறிமுக வரிகள். இந்த வேலையில் மிகவும் புறக்கணிக்கப்படுவதும் மிகுந்த பயன் தருவதும் இதுதான். "நண்பரின் அருமையான பதிவு, அவசியம் படியுங்கள்" என்று எழுதினால் வாசகருக்கு எந்தச் செய்தியும் கிடைப்பதில்லை. அட்டன் பதிவர், மன்மதன் – ரதி கதையை ஆடும் காமன் கூத்தைப் பற்றி எழுதியிருக்கிறார், பண்டாரவளை ஆசிரியை அதைப் பகிர விரும்புகிறார் என்று கொள்வோம். அவருடைய வாசகர்கள் மாணவரும் பெற்றோரும். ஆகவே அவர் இப்படி எழுதலாம்: "உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் கற்கும் மாணவருக்குப் பாடநூலில் சில வரிகளில் முடிந்துவிடும் காமன் கூத்தை, பொட்டலில் கம்பம் ஊன்றுவதிலிருந்து காமன் எரிப்பு வரை, ஆடியவர்களிடமே கேட்டு இவர் எழுதியிருக்கிறார். ரதி வேடம் கட்டும் ஆண்களின் விரதம் பற்றிய பகுதியைத் தவறவிடாதீர்கள்." அதே பதிவை மஸ்கெலியாப் பதிவர் பகிரும்போது இந்த வரிகளைப் பயன்படுத்தக் கூடாது. அவருடைய வாசகருக்கு, கூத்து ஆடும் பொட்டல் யாருக்குச் சொந்தம், தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேட்கும் நிலை ஏன் வருகிறது என்ற கேள்விதான் உறைக்கும். பதிவில் அதைத் தொடும் இடத்தை அவர் எடுத்துச் சொல்லலாம். பதிவு ஒன்றே என்றாலும் வாசல்கள் வேறு. மூன்று நான்கு வரிகள், அதில் பதிவிலிருந்து ஒரு குறிப்பான விடயம், அது தன் வாசகருக்கு ஏன் வேண்டும் என்ற விளக்கம் ஆகியவை இருந்தால் போதும். உடன்பாடில்லாத பதிவையும் பகிரலாம். எந்த இடத்தில் மாறுபடுகிறீர்கள் என்று மரியாதையுடன் எழுதினால் அந்த அறிமுகம் இன்னும் கவனமாகப் படிக்கப்படும்.

முழுப் பதிவையும் எடுத்துத் தன் பக்கத்தில் ஒட்டி, அடியில் "நன்றி" என்று பெயர் போட்டுவிடும் வழக்கத்தை அறவே கைவிட வேண்டும். நல்ல எண்ணத்துடன் செய்தாலும் எழுதியவருக்கு அது இழப்பே. வாசகர் அங்கேயே படித்து முடித்துவிடுவதால் எழுதியவருடைய மற்றப் பதிவுகளை அவர் பார்ப்பதில்லை. ஒரே எழுத்து இரண்டு முகவரிகளில் இருந்தால் தேடுபொறி ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை ஒதுக்கிவிடும். தேர்ந்தெடுக்கப்படுவது மூலப் பதிவாகவே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. எழுதியவர் பிறகு ஒரு பிழையைத் திருத்தினாலும் நகலில் பிழை அப்படியே நிற்கும். இவற்றோடு, இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுத்தின் உரிமை எழுதியவருடையது; பெயரைக் குறிப்பிடுவது அனுமதி பெற்றதாகாது. ஆகவே ஒரு பத்தியை மட்டும் மேற்கோளாக எடுத்து, மிகுதிக்கு மூலப் பதிவின் இணைப்பைக் கொடுங்கள். எழுதியவரே விரும்பி முழு மறுபதிப்புக்கு இசைந்தால் சில நாட்கள் பொறுத்து வெளியிட்டு, மூலத்தின் இணைப்பைப் பதிவின் உச்சியில் வைத்து, உங்கள் தளத்தில் வசதி இருந்தால் மூல முகவரியைக் குறிக்கும் கனானிக்கல் குறியீட்டையும் சேருங்கள்.

பிறர் பகிர வேண்டுமானால் உங்கள் பதிவும் பகிர்வதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை அப்படியே ஒட்டினால் மற்றவர் கைப்பேசியில் அது ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றிய பிறகே வெளியிட வேண்டும். பிளாகரில் தலைப்பைத் தமிழில் மட்டும் கொடுத்தால் பதிவின் முகவரியில் தலைப்பின் அடையாளமே இருக்காது. வேர்ட்பிரஸில் தமிழ்த் தலைப்பு முகவரிக்குள் புகுந்து, பகிரும்போது குறிகளும் எண்களுமாக நான்கைந்து வரிக்கு நீண்டுவிடும். இரண்டிலும் வெளியிடுமுன் ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொற்கள் கொண்ட முகவரியை நீங்களே அமைத்துக்கொள்ளலாம். வெளியிட்டபின் அதை மாற்றாதீர்கள், பகிர்ந்தவர்களுடைய இணைப்புகள் உடைந்துபோகக்கூடும். இணைப்போடு வரும் முன்னோட்டத்துக்காக ஒரு தெளிவான படத்தையும் இரண்டு வரி விவரணத்தையும் சேர்த்துவிடுங்கள். 1200 க்கு 630 பிக்சல் அளவுள்ள படம் முகநூலில் வெட்டுப்படாமல் தெரியும். படத்தின் கோப்பு சிறியதாக இருக்கட்டும். பள்ளத்தாக்கிலுள்ள தோட்டப் பிரிவுகளான டிவிஷன்களில் சிக்னல் ஒரு கோடுதான் கிடைக்கும். பெரிய படங்களைக் கொண்ட பக்கம் அங்கே திறப்பதற்குள் வாசகர் கைப்பேசியை வைத்துவிடுவார்.

வாட்ஸ்அப்பில் பகிர்வதற்குத் தனிக் கவனம் வேண்டும், ஏனெனில் நம் வாசகரில் பெரும்பகுதியினர் அங்கேதான் இருக்கிறார்கள். வந்த செய்தியை அப்படியே முன்னனுப்பினால் அது முன்னனுப்பப்பட்டது என்ற முத்திரையோடு போகும்; பலமுறை முன்னனுப்பப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்ற கட்டுப்பாடும் 2020 முதல் உண்டு. அந்த முத்திரையுள்ள செய்திகளைப் பலர் திறப்பதேயில்லை. ஆகவே இணைப்பை மட்டும் நகலெடுத்து, உங்கள் சொந்த வரிகளோடு புதிதாக அனுப்புங்கள். ஒலிபரப்புப் பட்டியல் வழியே அனுப்பினால், உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்தவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கச் சிரமப்படும் அம்மாமாருக்கும் ஆச்சிமாருக்கும், எழுதியவருடைய அனுமதியோடு, பதிவின் ஒரு பகுதியை வாசித்துக் குரல்பதிவாக அனுப்பி, அதன் கீழ் இணைப்பைக் கொடுக்கலாம். கதையும் பாட்டும் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இது மிகவும் பொருந்தும். அவர்களில் ஒருவர் கேட்டுவிட்டு "எங்கள் தோட்டத்தில் வேறு மாதிரிப் பாடுவோம்" என்று பதில் அனுப்பினால், அட்டன் பதிவருக்கு அடுத்த பதிவே கிடைத்துவிடும்.

நேரத்தைப் பொறுத்தவரை, காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய் மலையில் கொழுந்து பறித்துத் திரும்பும் பெண்களுக்குச் சமையல் முடிந்த இரவு வேளைதான் வாய்க்கும். வளைகுடாவில் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கு நம்முடைய கடிகாரம் பொருந்தாது: துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரமும், குவைத், கட்டார், சவூதி ஆகியவை இரண்டரை மணி நேரமும் பின்னால் இருக்கின்றன. பிந்திய மூன்று நாடுகளிலும் வெள்ளிக்கிழமை வார விடுமுறை. எனவே குழுவிலுள்ள ஐவரும் ஒரே இரவில் ஒரே பதிவைப் பகிராமல், ஒருவர் முதல் நாளும் இன்னொருவர் வெள்ளி மாலையும் மற்றொருவர் அடுத்த வாரமும் பகிர்ந்தால் பதிவின் ஆயுள் நீளும். ஒரே குழுமத்தில் இருப்பவருக்கும் அலுப்புத் தட்டாது.

முகநூல் பகிர்வு சில நாட்களில் ஓய்ந்துவிடும், ஆனால் பதிவுக்குள் பொருத்தமான இடத்தில் வைத்த இணைப்பு ஆண்டுக்கணக்கில் வாசகரை அனுப்பிக்கொண்டே இருக்கும். கரட்டுக்கு விலை கிடைக்காததைப் பற்றி எழுதும்போது, அந்த வரியிலேயே காணியில்லாக் குடும்பங்கள் பற்றிய மஸ்கெலியாப் பதிவை இணைக்கலாம். பிளாகரில் பிற வலைப்பதிவுகளின் புதிய இடுகைகளைத் தானாகக் காட்டும் பட்டியல் வசதியும் இருக்கிறது. குழுவினர் ஐவரும் அதைத் தம் பக்கவாட்டில் வைத்துக்கொண்டால் ஒரு சிறு திரட்டியே உருவாகிவிடும். ஆனால் எல்லாப் பதிவிலும் எல்லாருடைய இணைப்பையும் பொருத்தமில்லாமல் திணிக்க வேண்டாம். இணைப்புக்கு இணைப்பு என்று அளவுக்கு மீறிப் பரிமாறுவதைக் கூகுள் தன் விதிகளில் குப்பை இணைப்பு வகையிலேயே சேர்த்திருக்கிறது.

ஆண்டில் ஓரிருமுறை ஐவரும் ஒரே பொருளில் எழுதுவதும் நல்ல பலன் தரும். மே 21 ஐ ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசத் தேயிலை தினமாக அறிவித்திருக்கிறது; அதற்கு முன்பிருந்தே டிசம்பர் 15 ஐத் தேயிலை விளையும் நாடுகளின் தொழிலாளர் அமைப்புகள் கொண்டாடி வருகின்றன. இந்த இரண்டு நாட்களில் ஒன்றில் ஒருவர் கொழுந்துப் பாட்டையும், ஒருவர் கொழுந்து நிறுவையையும், ஒருவர் பிள்ளைகளின் படிப்பையும், ஒருவர் மண்ணையும் எழுதி, ஒவ்வொரு பதிவின் முடிவிலும் மற்றவற்றுக்கு இணைப்பு வைத்தால் ஒன்றில் நுழைந்தவர் எல்லாவற்றையும் படிப்பார். ஒரு வாரம் முன்னரே யார் எதை எழுதுவது என்று பேசிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஐவரும் 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டதிலேயே தொடங்குவார்கள்.

பழைய பதிவைப் பகிருமுன் அதிலுள்ள எண்களைச் சரிபார்க்க வேண்டும். 2021 இல் நாட்சம்பளம் 1,000 ரூபா என வர்த்தமானியில் வந்த வேளையில் எழுதியதை இன்று திகதி குறிப்பிடாமல் பகிர்ந்தால், சம்பளத்துக்குப் போராடும் மக்களுக்குத் தவறான தகவல் கொடுத்தவராவீர்கள். அனுமதியின்றி எடுத்த பிள்ளைகளின் படமோ, லயன் அறையின் உட்புறத்தைக் காட்டும் படமோ உள்ள பதிவை, எழுதியவரிடம் பேசிப் படத்தை நீக்கச் செய்யாமல் பகிராதீர்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஐவரும் தத்தம் தளத்தின் புள்ளிவிவரப் பக்கத்தைத் திறந்து, யாரிடமிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். வாட்ஸ்அப்பிலிருந்து வருபவர்கள் பல நேரங்களில் எங்கிருந்து வந்தார்கள் என்ற தடயமின்றியே பதிவாவார்கள். வருகையைக் கணக்கிடும் அனலிட்டிக்ஸ் வசதியைத் தளத்தில் இணைத்திருப்பவர்கள், பகிரும் இணைப்பின் இறுதியில் வாசகர் எந்த வழியே வந்தார் என்று காட்டும் யூடிஎம் குறியீட்டைச் சேர்த்தால் அவர்களையும் பிரித்தறியலாம். வந்தவர் எண்ணிக்கையைவிட, வந்தவர் இரண்டாவது பதிவையும் திறந்தாரா, பின்னூட்டம் எழுதினாரா என்பதையே பாருங்கள். எந்த அறிமுக வரிகள் அப்படிப்பட்ட வாசகரைக் கொண்டுவந்தனவோ அவற்றைக் குழுவுக்குள் பகிர்ந்துகொள்ளுங்கள். தொடர்ந்து படிக்காமலே பகிரும் உறுப்பினரிடம் அதைத் தனியாக எடுத்துச் சொல்லுங்கள். யாரேனும் எழுதுவதை நிறுத்திவிட்டால், அந்த இடத்துக்கு உங்கள் பின்னூட்டப் பகுதியில் நீண்ட பதில்கள் எழுதும் வாசகர் ஒருவரை அழைத்து, அவருடைய முதல் பதிவை ஐவருமாக அறிமுகம் செய்யுங்கள்.