ஆய்வுச் சுருக்கத்துக்கு முன் அறிவிப்புப் படிவம்

ஆய்வகத்தில் புதிதாக ஒன்று கண்டுபிடித்திருந்தால், மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்புவதற்கு முன்பே உங்கள் நிறுவனத்தில் காப்புரிமை வேலைகளைப் பார்க்கும் தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகத்துக்குக் கண்டுபிடிப்பு அறிவிப்புப் படிவத்தை அனுப்பிவிடுங்கள். முழு முடிவுகள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் நாளில் அந்த விஷயம் உலகில் எங்கும் வெளியாகியிருக்கக் கூடாது. பலர் கட்டுரை அச்சாகும் தேதியை மட்டும் பார்க்கிறார்கள். சுருக்கத் தொகுப்பு அதற்கு வெகு முன்பே இணையத்தில் ஏறிவிடுகிறது. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையத் தொகுப்பான சோத்கங்காவில் ஏறும் முனைவர் பட்ட ஆய்வேடும் வெளியீடுதான். படிவம் முன்கூட்டியே கையில் இருந்தால் அலுவலகம் தற்காலிக விண்ணப்பம் போட்டு விண்ணப்பத் தேதியைப் பிடித்து வைக்கும். முழு விவரத்தை 12 மாதத்துக்குள் கொடுத்தால் போதும். தற்காலிக விண்ணப்பம் போட்டதும் மாநாட்டில் நிம்மதியாகப் பேசலாம். ஆனால் ஒன்று: தற்காலிக விண்ணப்பத்தில் எழுதாத எதற்கும் அந்தத் தேதி உதவாது. அதனால் வேலை செய்யும் முறையையும் மாற்று வடிவங்களையும் படிவத்திலேயே தாராளமாக எழுதுங்கள்.

ஏற்கெனவே வெளியிட்டுவிட்டீர்களா? அப்படியும் உடனே சொல்லுங்கள். அமெரிக்காவில் வெளியிட்ட பிறகும் விண்ணப்பிக்க ஓராண்டு அவகாசம் உண்டு. அறிவியல் சங்கத்தில் படித்த கட்டுரைக்கு இந்தியச் சட்டமும் 12 மாதம் தருகிறது, ஆனால் அதை நம்பி இறங்க வேண்டாம், ஐரோப்பாவில் அது எடுபடாது.

வெறும் கணித முறை, நிரல் மட்டும் என்றால் இந்த அவசரம் தேவையில்லை. இந்தியாவில் அவற்றுக்குக் காப்புரிமை கிடையாது. நிரலுக்குப் பதிப்புரிமை தானாகவே வந்துவிடும்.