ஷ்ராப்ஷயர் கிராமத்தில் வீடு எடுக்கும் முன்

இங்கிலாந்துக்கு நர்ஸ் வேலைக்கு வருகிறவர்கள் முதலில் மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுப்பார்கள். நானும் அப்படித்தான். தென்காசியிலிருந்து கணவரும் பிள்ளைகளும் வந்த பிறகு, வாடகைக்குப் பயந்து லட்லோவிலிருந்து ஏழு மைல் தள்ளி ஒரு கிராமத்துக்குப் போனோம். பதினெட்டு வீடு, ஒரு சர்ச், ஒரு பப். சிவப்பு டெலிபோன் பெட்டியில் இப்போது போன் இல்லை, இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் கருவி இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் டிட்டர்ஸ்டோன் க்ளீ மலையும் அதன் உச்சியில் முட்டை மாதிரி வெள்ளை ரேடார் கூண்டும். கடை இல்லை. இதே யோசனையில் இருக்கும் வேலைத்தோழிகள் அடிக்கடி கேட்பதால் எழுதுகிறேன்.

வீட்டை இரண்டு முறை பாருங்கள். ஏஜெண்ட் காட்டும் ஞாயிறு மதியம் ஒரு முறை, மழை பெய்யும் வாரநாள் இரவு ஒரு முறை. இரண்டாவது முறை வீட்டுக்குள் நின்று போனில் சிக்னல் வருகிறதா என்று பாருங்கள். பிறகு மூன்று கேள்வி: வீடு எதில் சூடாகிறது, கழிவுநீர் எங்கே போகிறது, தொட்டி காலி செய்யும் செலவு யாருடையது. பல வீடுகளுக்கு எண்ணே கிடையாது, பெயர்தான். ஒரே அஞ்சல் குறியீட்டில் ஏழெட்டு வீடு சிதறிக் கிடக்கும். வாட்த்ரீவேர்ட்ஸ் என்ற செயலி ஒவ்வோர் இடத்துக்கும் மூன்று சொல்லில் ஒரு முகவரி தரும். அதனால் உங்கள் வாசலுக்கான அந்த மூன்று சொல்லை ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டிவிடுங்கள். பார்சல்காரருக்காக மட்டும் சொல்லவில்லை, ஆம்புலன்ஸும் அதைக் கேட்கும்.

இனி மண்ணெண்ணெய். சிரிக்காதீர்கள். கேஸ் குழாய் வராத ஊர்களில் பாய்லர் ஓடுவது இதில்தான். தொட்டிக்குப் பக்கத்தில் போனால் எங்கள் பாட்டி வீட்டுத் திரி ஸ்டவ் வாசனை. ரேஷன் கடையில் கேனைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்ற எனக்கு, இங்கே ஐந்நூறு லிட்டருக்குக் குறைந்தால் லாரியே வராது என்றதும் தலை சுற்றியது.

முதல் ஜனவரியில் நன்றாகப் பட்டேன். தொட்டியின் அளவுகாட்டி கால்வாசி இருப்பதாகக் காட்டியது, ஆனால் அது அங்கேயே சிக்கி நின்றுவிட்ட முள். ஒரு நிறுவனத்திடம் ஆர்டர் கொடுத்திருந்தேன். சொன்ன தேதியில் லாரி வரவில்லை, அடுத்த வாரம் என்றார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாய்லர் இரண்டு முறை இருமியது, நின்றது. பிள்ளைகளைச் சமையலறையில் உட்காரவைத்து, ஓவனை ஏற்றி, கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு ராத்திரி ஓட்டினோம். பக்கத்து வீட்டில் கேட்கலாமே என்றார் கணவர். புதிதாக வந்த இடத்தில் போய்க் கையேந்துவதா என்று நான்தான் தடுத்தேன்.

ஞாயிறு காலை குதிரைப் பாட்டி கதவைத் தட்டினார். (இங்கே பெரியவர்களையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. அவர் இரண்டு குதிரை வைத்திருப்பதால் வீட்டுக்குள் இந்தப் பெயர்.) "உங்கள் பாய்லர் குழாயில் இரண்டு நாளாக ஆவியைக் காணோமே?" என்றார். இரண்டு நாளாகப் பார்த்திருக்கிறார்! நாங்களாகச் சொல்வோம் என்று காத்திருந்திருக்கிறார். ஒரு மணி நேரத்தில் இரண்டு மின்சார ஹீட்டரும், பண்ணைக்காரர் கையில் இருபது லிட்டர் கேனும் வந்து சேர்ந்தன. அதை ஊற்றியும் பாய்லர் பிடிக்கவில்லை. எண்ணெய் வற்றினால் குழாயில் காற்று புகுந்துவிடும், அதை வெளியேற்றினால்தான் எரியும். அதையும் பண்ணைக்காரரே செய்தார்.

இங்கே ஒருவர் வீட்டு விஷயத்தில் கேட்காமல் நுழைவதை மரியாதைக் குறைவாக நினைக்கிறார்கள். நம் ஊரில் தெருவே உள்ளே வந்து அடுப்பைப் பார்த்துவிட்டுப் போகும். இங்கே நாம்தான் வாய் திறக்க வேண்டும்.

இப்போது நான் செய்வது: அளவுகாட்டியை நம்பாமல் மாதம் ஒருமுறை சுத்தமான கம்பை விட்டுப் பார்க்கிறேன். கால் தொட்டிக்கு இறங்கும் முன்பே ஆர்டர். அடியோடு வற்றவிட்டால் கசடு உறிஞ்சப்பட்டு ஃபில்டர் அடைக்கும். பெரிய ஆர்டரைக் குளிருக்கு முன்பே, செப்டம்பரில் போட்டுவிடுகிறேன். பல கிராமங்களில் எண்ணெய்க் குழு இருக்கும். எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஆர்டர், அதனால் விலை குறையும். போய்ச் சேர்ந்த முதல் வாரமே விசாரியுங்கள். நான் விசாரிக்காததன் பலன்தான் அந்த ஓவன் ராத்திரிகள்.

செப்டிக் டேங்க் இருந்தால் முறுக்கு சுட்ட எண்ணெயை சிங்க்கில் ஊற்றக் கூடாது, ப்ளீச்சைக் கொட்டக் கூடாது, ஈரத்துடைப்பான்களைக் கழிப்பறையில் போடவே கூடாது. எந்த வாரம் எந்தக் குப்பைத்தொட்டியை வெளியே வைப்பது என்று குழம்பினால், முந்தின ராத்திரி பக்கத்து வீட்டு வாசலைப் பாருங்கள். அவ்வளவுதான்.

சாலைதான் அடுத்த பாடம். இரண்டு பக்கமும் ஆளுயர உயிர்வேலி, நடுவில் ஒரு கார் போகும் அகலம், சில இடத்தில் நடுத்தாரில் புல். வெள்ளை வட்டத்தில் கறுப்புக் கோடு போட்ட பலகை இருந்தால் சட்டப்படி மணிக்கு 60 மைல் வரை போகலாம். அந்த வேகத்தில் போகிறவர் இந்த ஊர்க்காரராக இருக்க மாட்டார். எதிரே வண்டி வந்தால், ஒதுங்குமிடம் யாருக்குப் பக்கமோ அவர் பின்னால் போவார். எதிரே டிராக்டரும் டிரெய்லருமாக இருந்தால் கணக்கெல்லாம் இல்லை, நீங்கள்தான் போக வேண்டும். அதனால் ரிவர்ஸ் எடுக்கப் பழகுங்கள். நான் ஒரு சனிக்கிழமை முழுக்கக் காலியான சந்தை வாகன நிறுத்தத்தில் பின்னாலேயே ஓட்டிப் பழகினேன். வழிவிட்டவருக்கு ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினால் போதும், ஆனால் கட்டாயம் தூக்க வேண்டும். குதிரை வந்தால் ஹாரன் அடிக்காதீர்கள். பத்து மைலுக்கு மேல் போகாமல், இரண்டு மீட்டராவது தள்ளிக் கடக்க வேண்டும். இலையுதிர்காலத்தில் ஃபெசண்ட் கோழிகள் தற்கொலைக்கென்றே சாலைக்கு வரும்.

தெருவிளக்கு கிடையாது. டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். டார்ச்சும் மின்னும் மேல்சட்டையும் வாசலிலேயே தொங்கட்டும். நர்ஸாக ஒரு வார்த்தை: நம் தோல் நிறத்துக்கு இந்த ஊர் வெயில் போதாது. தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி, குளிர்காலத்தோடு நிறுத்தாமல் வருடம் முழுக்க எடுப்பது நல்லது. மின்சாரம் போனால் அழைக்க வேண்டிய எண் 105. மருந்துக்கடை 1.6 கிலோமீட்டருக்கு அப்பால் என்றால் சில கிராமத்து மருத்துவர் நிலையங்களே மருந்தும் கொடுக்கும், பதியும்போதே கேட்டுவிடுங்கள்.

நடக்கப் போங்கள். மஞ்சள் அம்புக்குறி இருக்கும் பாதையில், அது யார் வயலாக இருந்தாலும், நடக்க உங்களுக்கு உரிமை உண்டு. நீல அம்புக்குறி என்றால் குதிரையும் வரும். கேட் திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டுப் போக வேண்டும். நெட்டில் செடியைத் தொடாதீர்கள், நம்மூர்ச் செந்தட்டிக்கு ஒன்றுவிட்ட தங்கை.

பேச்சில் இரண்டு விஷயம். "ஆல்ரைட்?" என்றால் வணக்கம். உங்கள் முதுகுவலியைச் சொல்ல ஆரம்பிக்காதீர்கள். "ஒருநாள் டீக்கு வாருங்கள்" என்பது நல்ல எண்ணம் மட்டும். கிழமையும் நேரமும் சொன்னால்தான் அழைப்பு.

சமையல் வாசனைக்காகப் பயந்து பயந்து ஜன்னலைச் சாத்தித் தாளித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் மன்னிப்புக் கேட்கலாம் என்று குதிரைப் பாட்டி வீட்டுக்குப் போனால், எதிர் வயலில் சாணிக் கரைசல் அடித்திருந்தார்கள். கண் எரிந்தது. அவர் அந்த நாற்றத்தில் நின்றுகொண்டு, "என்ன வாசனை?" என்றார். அதோடு என் எக்ஸாஸ்ட் கவலை தீர்ந்தது.

தீபாவளி பற்றிக் கேட்பீர்கள். சட்டம் அன்றைக்கு இரவு ஒரு மணி வரை வெடி வெடிக்க விடுகிறது. குதிரைக்கும் ஆட்டுக்கும் சட்டம் தெரியாது. மிரண்டு வேலியில் போய் விழும். நாங்கள் ஒரு வாரம் முன்பே எட்டு வீட்டுக்குத் துண்டுச் சீட்டு போட்டோம்: சத்தம் வராது, வெளிச்சம் மட்டும், ஏழிலிருந்து ஏழரை வரை. பாட்டி குதிரைகளை லாயத்தில் அடைத்துவிட்டு, மடக்கு நாற்காலியைக் கையில் தூக்கிக்கொண்டு ஆறே முக்காலுக்கே வந்துவிட்டார்.