பாடசாலைக் குப்பையை ஐந்து நாள் அளப்பது எப்படி?

அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் 2022 வரையான எட்டு ஆண்டுகளில் இருபது யானைகள் வரை செத்துப்போயின. வயிற்றை வெட்டிப் பார்த்தால் பொலித்தீனும் உணவு சுற்றிய தாளும்தான். நமது பாடசாலைகளிலிருந்து போவதும் அதே சாமான்தான். எது, எங்கிருந்து, எவ்வளவு என்று தெரிந்தால்தான் குறைக்க முடியும்.

தேவையானவை: படங்கு ஒன்று, உரப்பை நான்கு, 10 கிலோ தூக்குத் தராசு, தடித்த கையுறை, கொப்பி. மாரி மழைக் காலத்தில் தொடங்க வேண்டாம். நனைந்த கடதாசியை நிறுத்தால் தண்ணீரைத்தான் நிறுப்பீர்கள். வாணி விழா, விளையாட்டுப் போட்டி வரும் கிழமைகளையும் விடுங்கள்.

1. வெறும் உரப்பையை நிறுத்துக் குறியுங்கள். பிறகு கழிக்க வேண்டும்.

2. பாடசாலை விட்டதும் வகுப்பறை, சிற்றுண்டிச்சாலை, முற்றம் மூன்றின் குப்பையையும் தனித்தனியாக எடுங்கள். மலசலகூட வாளியைப் பிள்ளைகள் தொடவே கூடாது.

3. படங்கில் கொட்டி உணவு, கடதாசி, பொலித்தீன், மற்றவை எனப் பிரியுங்கள். பெரும்பாலும் பிழைப்பது இங்கேதான்: சோறு ஒட்டிய லஞ்ச் சீற்றை (சோறு சுற்றும் பொலித்தீன் தாள்) அப்படியே போட்டால் சோற்றின் நிறை பொலித்தீன் கணக்கில் ஏறிவிடும். வழித்துவிட்டுப் போடுங்கள்.

4. உணவையும் கடதாசியையும் நிறுங்கள், பொலித்தீனை எண்ணுங்கள். வடைக்குச் சம்பல் கட்டிக் கொடுக்கும் சின்னப் பை நூறு சேர்ந்தாலும் தராசு முள் கொஞ்சந்தான் அசையும். எண்ணினால்தான் அது கண்ணில் படும்.

5. மொத்தத்தை நாட்களாலும், அன்றன்று வந்த பிள்ளைகளின் சராசரியாலும் பிரியுங்கள். இடாப்பில் உள்ள தொகை வேண்டாம், வரவைப் பாருங்கள். 300 பேர், ஐந்து நாளில் 18 கிலோ உணவு என்றால், ஒரு பிள்ளைக்கு நாளுக்கு 12 கிராம்.

இந்தக் கணக்கோடு சிற்றுண்டிச்சாலை நடத்துபவரிடம் போங்கள். "பொலித்தீனைக் குறையுங்கோ" என்றால் தலையாட்டுவார். "சம்பல் பை மட்டும் நாளுக்கு இத்தனை, கிண்ணத்தில வச்சுக் கரண்டியால போடலாமே" என்றால் அவருக்கும் பைக்காசு மிச்சம். லஞ்ச் சீற் 2017 செப்டெம்பர் 1 முதல் தடை என்பதையும் சொல்லுங்கள்.

மிச்சச் சோற்றைப் பசளையாக்கப் பீப்பாயில் போடும்போது, ஒரு வாளிக்கு மூன்று வாளி காய்ந்த சருகு சேருங்கள். நாறினால் ஈரம் கூடிவிட்டது. சருகு போட்டுக் கிளறுங்கள். மீன்முள்ளை மண்ணால் மூடாவிட்டால் நாய் இழுத்துவிடும்.

ஒரு மாதம் கழித்து, அதே தராசில், அதேபோல் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாள் மறுபடி அளங்கள். இம்முறை முன்கூட்டி அறிவிக்க வேண்டாம். அறிவித்தால் அந்தக் கிழமை மட்டும் குப்பை குறையும்.