‘நாளையிலிருந்து வர வேண்டாம்’ என்று சொன்னால் என்ன செய்வது?

கிண்டியில் ஒரு சின்ன கம்பெனியின் கணக்குப் பிரிவில் ஆறு வருஷம் ஏழு மாதம் வேலை பார்த்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை எச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டார்கள். மேஜையில் ஒரு தாள். ‘சொந்தக் காரணங்களுக்காக ராஜினாமா செய்கிறேன்’ என்று தயாராக அடித்து வைத்திருந்தார்கள். “போட்டுடுங்க சார், உங்களுக்கும் மரியாதை, எங்களுக்கும் சிரமம் இல்லை” என்றார்கள். போட்டுவிட்டேன். அந்தக் கையெழுத்துக்கு என்ன விலை என்று தெரிய எனக்கு நாற்பது நாள் ஆனது.

படி 1: பேனாவைத் தொடாதீர்கள்

கம்பெனி உங்களை நீக்குவது வேறு, நீங்களாக விலகுவது வேறு. நீக்கினால் காரணம் சொல்ல வேண்டிய பொறுப்பு கம்பெனியுடையது. விலகிவிட்டால் கேள்வி கேட்கவே வழியில்லாமல் போய்விடும். அதனால்தான் அந்தத் தாள் எப்போதும் தயாராக இருக்கிறது. “நீக்குவதாக இருந்தால் எழுத்தில் கொடுங்கள்” என்று மட்டும் சொல்லுங்கள். சத்தம் போட வேண்டாம்.

அன்று இரவே சொந்த மெயிலிலிருந்து நாலு வரி அனுப்புங்கள்: ‘இன்று மாலை என்னை வேலைக்கு வர வேண்டாம் என்று வாய்மொழியாகச் சொன்னீர்கள். நான் ராஜினாமா செய்யவில்லை. வேலை செய்யத் தயாராக இருக்கிறேன். காரணத்தை எழுத்தில் தரவும்.’ அடுத்த வேலை நாளில் வழக்கமான நேரத்துக்குப் போய் நில்லுங்கள். செக்யூரிட்டி தடுத்தால் நேரத்தைக் குறிப்பிட்டு இன்னொரு மெயில். வீட்டிலேயே இருந்துவிட்டால், ‘சொல்லாமல் நின்றுவிட்டார்’ என்று பிற்பாடு கதை மாறும். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால், வற்புறுத்தி வாங்கினார்கள் என்பதை அன்றைக்கே எழுதிவிடுங்கள். ஒரு மாதம் கழித்துச் சொன்னால் எடுபடாது.

படி 2: காகிதம் சேருங்கள்

நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, சம்பளம் வந்த வங்கிக் கணக்கு விவரம், வருகைப் பதிவு, ஐ.டி. கார்டு, மேலாளரின் வாட்ஸ்அப் செய்திகள். ஆபீஸ் மெயிலை எந்த நிமிஷமும் முடக்குவார்கள், ஆகவே உங்களைப் பற்றிய ஆவணங்களை முன்பே எடுத்து வையுங்கள். கம்பெனியின் ரகசியக் கோப்புகளில் கை வைக்காதீர்கள், வழக்கு உங்கள் மேலேயே திரும்பும்.

நியமனக் கடிதமே கொடுக்கவில்லையா? பரவாயில்லை. பி.எஃப். பாஸ்புக், இ.எஸ்.ஐ. அட்டை, மாதாமாதம் வரவான சம்பளம் ஆகியவையும் சாட்சிதான். அப்படியே பாஸ்புக்கில் மாதக் கணக்கைப் பாருங்கள். பி.எஃப்.-க்காகச் சம்பளத்தில் பிடித்த தொகையைக் கம்பெனி அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது குற்றம், ராயப்பேட்டை பி.எஃப். அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம், இணையத்திலும் கொடுக்கலாம்.

படி 3: வர வேண்டிய பணத்தைக் கணக்குப் போடுங்கள்

‘ஃபுல் அண்ட் ஃபைனல் (கடைசிக் கணக்குத் தீர்ப்பு) 45 நாளில் வரும்’ என்பார்கள். அது கம்பெனிகளின் பழக்கம், சட்டம் இல்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, நீக்கினாலும் சரி, நீங்களாக விலகினாலும் சரி, சம்பள பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தீர்க்க வேண்டும்.

கிராஜுவிட்டி (பணிக்கொடை) தனி. ஐந்து வருஷம் முடித்திருந்தால் ராஜினாமா செய்தவருக்கும் உண்டு. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 26,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் ஒரு வருஷத்துக்கு 15,000. என் ஆறு வருஷம் ஏழு மாதம் ஏழு வருஷமாகவே கணக்கில் வரும், ஏனென்றால் ஆறு மாதத்துக்கு மேல் போனால் முழு வருஷம். ஆக 1,05,000. இதை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், தாமதித்தால் வட்டியும் சேரும். குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தம் போட்டு வேலைக்கு எடுத்தவர்களுக்கு இப்போது ஒரு வருஷமே போதும்.

படி 4: 30 நாள் கணக்கு

நான் கோட்டை விட்டது இங்கேதான். கடை, அலுவலகம் போன்ற இடங்களில் வேலை செய்பவர்களுக்கு 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் இருக்கிறது. (கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் திருத்தியது இதே சட்டத்தைத்தான்.) இதன் 41-ஆம் பிரிவின்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணம் இல்லாமல் நீக்க முடியாது, ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கு ஈடான சம்பளமும் தர வேண்டும். ஒழுங்கீனம் என்று சொல்லி நீக்கினால் நோட்டீஸ் தேவையில்லை, ஆனால் முறையாக விசாரணை நடத்திச் சாட்சியம் பதிந்திருக்க வேண்டும். நீக்க உத்தரவு கைக்கு வந்த 30 நாளுக்குள் தொழிலாளர் துறையில் மேல்முறையீடு செய்யலாம். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது.

தொழிற்சாலை ஆட்களுக்குப் பாதை வேறு: முதலில் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரி, அங்கே முடியாவிட்டால் தொழிலாளர் நீதிமன்றம் அல்லது தீர்ப்பாயம். ‘ஐ.டி.காரங்களுக்கு இதெல்லாம் கிடையாது’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்போதிருந்த தொழில் தகராறுச் சட்டம் ஐ.டி. கம்பெனிகளுக்கும் பொருந்தும் என்று 2016-இலேயே தமிழக அரசு தெளிவுபடுத்தியது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் உயர் நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச உதவி உண்டு.

படி 5: தேனாம்பேட்டைக்குப் போகும்போது

முதலில் கம்பெனிக்கு ஒரு கோரிக்கைக் கடிதம்: சேர்ந்த தேதி, நிறுத்திய தேதி, பாக்கித் தொகை, பதினைந்து நாள் கெடு. திட்டு வேண்டாம். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். 30 நாள் கணக்கு ஓடிக்கொண்டிருந்தால் அந்தக் கெடுவுக்காகக் காத்திருக்காதீர்கள்.

தொழிலாளர் துறை தலைமை அலுவலகம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது, மெட்ரோவில் ஏ.ஜி.-டி.எம்.எஸ். நிலையத்தில் இறங்கி நடக்கலாம். உங்கள் பகுதிக்கு எந்த அதிகாரி என்று அங்கே கேட்டால் சொல்வார்கள். எல்லாவற்றிலும் மூன்று செட் ஜெராக்ஸ் கொண்டுபோங்கள். கொடுத்த மனுவின் நகலில் தேதியோடு சீல் வாங்காமல் திரும்பாதீர்கள். வேலையைக் கேட்டுப் போராட எனக்கு வழியில்லாமல் போனது. ஆனால் அப்படி சீல் வாங்கிய ஒரு நகலை வைத்துத்தான் என் கிராஜுவிட்டியை வாங்கினேன்.